சனிக்கிழமை பிடுங்கிய பிளக்

மெக்கானிக்குக்கு ஊசி என்றால் பயம் என்ற செய்தி அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலத்துக்குள் நான்கு வீடுகளுக்கும் ஒரு கப்பலுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. அதில் துளிகூட உண்மை இல்லை. இருபத்தாறு வருஷமாக மூன்றாவது மாடி வெளிச்சுவரில் தொங்கிக்கொண்டு ஏ.சி. மாட்டுகிற மனுஷர். கம்ப்ரசர் சூட்டில் கை கொப்பளித்தாலும் வாயால் ஊதிவிட்டு அடுத்த திருகாணியைத் திருகுவார். அவருக்கு இருந்த பயம் வேறு. அதை வெளியே சொல்ல முடியாததால் ஊசிப் பயத்தை ஒத்துக்கொண்டு, ஆளாளுக்குச் சொன்ன ஆறுதலைத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவருடைய மனைவிக்கு ஒரே தங்கை. பெரிய உல்லாசக் கப்பல் ஒன்றில் சலவைப் பிரிவைக் கவனித்துக்கொள்கிறாள். விடுப்புக் கிடைத்தால் புருஷன் வீட்டார் இருக்கும் வேறொரு நாட்டுக்குப் போய்விடுவாள். ஆகவே அக்காவும் தங்கையும் நேரில் பார்த்துக்கொண்டு ஏழு வருஷம் ஆகிவிட்டது. போனில் தினமும் பேசுவார்கள். அக்கா வீட்டில் எந்தக் குழாய் ஒழுகுகிறது என்பதுகூடத் தங்கைக்குத் தெரியும். இருந்தாலும் தொட்டுப் பேசுகிற மாதிரி வருமா என்று அக்கா அடிக்கடி சொல்வாள், சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சுவாள். அந்தக் கப்பல் கம்பெனியில் ஒரு சலுகை உண்டு. ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை, வேலை செய்பவர் தன் சொந்தத்தில் இரண்டு பேரை ஒன்பது நாள் பயணத்துக்கு ஏற்றிக்கொள்ளலாம். போன தடவை அதைத் தங்கை தன் மாமனார் மாமியாருக்குக் கொடுத்தாள். கொடுக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது கல்யாணம் ஆனவர்களுக்குச் சொல்லாமலே புரியும். இந்தத் தடவை அக்காவுக்கு. கம்பெனி குறித்துக் கொடுத்த பயணத்தைத் தவறவிட்டால் மறுபடியும் ஐந்து வருஷம் காத்திருக்க வேண்டும்.

கப்பல் வழியில் ஒரு துறைமுகத்தில் நிற்கும். அந்த நாட்டில் மஞ்சள் காய்ச்சல் உண்டு. அதனால் தடுப்பூசி போட்டுக்கொண்டதற்கான மஞ்சள் அட்டை இல்லாமல் கப்பலில் ஏற்ற மாட்டார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் ஆனால்தான் அட்டை செல்லும். ஊரில் அந்த ஊசி போடுவது ஒரே ஓர் இடத்தில், அதுவும் புதன்கிழமை மட்டும். ஒரு பாட்டில் மருந்து பத்துப் பேருக்கு வரும், கலக்கிவிட்டால் ஆறு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். அதனால் பத்துப் பேரைச் சேர்த்து உட்கார வைத்துத்தான் பாட்டிலைத் திறப்பார்கள். மெக்கானிக் தம்பதிக்குக் கிடைத்த புதன்கிழமையிலிருந்து பதினோராம் நாள், ஞாயிற்றுக்கிழமை, கப்பல். அந்தப் புதனை விட்டால் கப்பல் இல்லை.

இதையெல்லாம் மனைவி ஒரு நீளத் தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தாள். அவளுக்கு வேலை பள்ளிக்கூட வேனில். பிள்ளைகளை எண்ணி ஏற்றி, எண்ணி இறக்கி, கடைசியில் சீட்டுக்கு அடியிலெல்லாம் குனிந்து பார்த்துவிட்டுத்தான் வேனை விட்டு இறங்குவாள். பதினான்கு வருஷத்தில் ஒரு பிள்ளையும் வேனில் தூங்கிப்போய் மாட்டிக்கொண்டதில்லை. அதே கண்டிப்பு கப்பலுக்கும். தாளில் நாற்பத்தோரு விஷயங்கள். ரத்த அழுத்த மாத்திரையை இரண்டாகப் பிரித்து இரண்டு பையில் வைக்க வேண்டும். கடல் குமட்டலுக்கு மாத்திரை. வயிறு கெட்டால் கரைத்துக் குடிக்க உப்புச் சர்க்கரைப் பொட்டலம் பன்னிரண்டு. கொசு மருந்து. கரையில் இறங்கினால் பச்சையாக எதையும் தின்னக் கூடாது, ஐஸ் போட்ட எதையும் குடிக்கக் கூடாது. இருபத்தாறு வருஷம் ஊரையே குளிரவைத்த ஆள் ஒன்பது நாள் ஐஸ் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதையும் மெக்கானிக் மறுபேச்சு இல்லாமல் ஏற்றுக்கொண்டார்.

தாளில் முப்பத்தெட்டாவது விஷயம்: கிளம்பும்போது வீட்டில் எல்லா பிளக்கையும் பிடுங்க வேண்டும். இரண்டு வருஷம் முன்பு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது ஸ்டெபிலைசர் புகைந்து சுவரே கறுத்துப்போனது. மெக்கானிக் வீட்டிலேயே இப்படி என்று ஊர் சிரித்தது. ஆகவே இதற்கு மட்டும் ஒத்திகை. ஒரு வாரமாக, கடைக்குப் போனாலும் சரி, வேலைக்குப் போனாலும் சரி, அவர் எல்லா பிளக்கையும் பிடுங்கிவிட்டுத்தான் வாசலைத் தாண்ட வேண்டும். ஃபிரிட்ஜையும் அவள் இப்போதே காலி செய்துவிட்டாள். வாசலில் நின்றுகொண்டு ஒவ்வொன்றாகக் கேட்பாள்.

"டிவி?"

"புடுங்கியாச்சு."

"ஃபிரிட்ஜ்?"

"புடுங்கியாச்சு."

பிறகுதான் செருப்புப் போட அனுமதி.

இனி சனிக்கிழமைக்கு வரலாம். தடுப்பூசி மையத்தில் ஏ.சி. ஒழுகுகிறது என்று நர்ஸ் மெக்கானிக்கைக் கூப்பிட்டிருந்தார். அந்த மையத்தின் ஏ.சி., ஃபிரிட்ஜ் எல்லாம் அவர் பொறுப்புதான். மையம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை, சுகாதார அலுவலகத்தின் பின்பக்கம் இரண்டு அறை. முன்னறையில் பத்து நாற்காலி, ஒரு மேசை, மூலையில் மருந்து வைக்கிற ஃபிரிட்ஜ். உள்ளறையில் டாக்டர். சனிக்கிழமை ஒரு மணிக்கு நர்ஸ் போய்விட்டார். இரண்டு மணிக்கு மெக்கானிக் வேலையை முடித்து, கருவிகளைப் பையில் போட்டார். வாட்ச்மேன் பூட்டும் கையுமாக வாசலில் நின்றார். ஒரு வாரமாக வாசலில் யாராவது நின்றால் மெக்கானிக்கின் கை என்ன செய்யப் பழகியதோ அதைச் செய்தது. கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்கினார். தண்ணீர் இயந்திரத்தின் பிளக்கைப் பிடுங்கினார். மேசை ஃபேன். கடைசியாக மூலையில் இருந்த ஃபிரிட்ஜ். 'புடுங்கியாச்சு' என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு செருப்பை மாட்டினார். வாட்ச்மேன் பூட்டினார்.

திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு, ஒழுகல் நின்றதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தார். அறைக்குள் கால் வைத்ததும் அமைதி கேட்டது. ஃபிரிட்ஜ் ஓடவில்லை. கதவில் ஒட்டியிருந்த வெப்பமானி இருபத்தேழு காட்டியது. இரண்டுக்கும் எட்டுக்கும் நடுவில் இருக்க வேண்டிய மருந்து.

பிளக்கைச் சொருகினார். மற்ற பிளக்குகளையும் சொருகினார். இதுவரை நடந்ததற்கு மறதி என்று பேர் வைக்கலாம். அடுத்து நடந்ததற்கு வைக்க முடியாது. அந்த வெப்பமானியில் ஒரு பொத்தான் உண்டு. அதைத் தட்டினால் கடைசியாக எவ்வளவு சூடு ஏறியது என்று காட்டும். ஐந்து விநாடி அழுத்திப் பிடித்தால் அந்த ஞாபகம் அழிந்துவிடும். ஆனால் உள்ளே குளிர்ந்த பிறகுதான் அழிக்க வேண்டும், இல்லாவிட்டால் மறுபடியும் இருபத்தேழிலிருந்தே எண்ணத் தொடங்கும். ஆகவே அவர் பத்து நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்து, எண் இறங்குவதை ஒன்றரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். யோசிக்க ஒன்றரை மணி நேரம் கிடைத்தது. யோசித்தார். மருந்தைக் குப்பையில் போடுவார்கள், புது மருந்து வர ஒரு வாரம் ஆகும், புதன்கிழமை ஊசி இல்லை, கப்பல் இல்லை, தங்கை இல்லை. எல்லாவற்றையும் யோசித்து, எண் ஏழுக்கு வந்ததும் பொத்தானை அழுத்திப் பிடித்தார். அந்தக் கட்டடத்தில் அதை அழிக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் நர்ஸ். அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் மெக்கானிக்.

ஒன்பது மணிக்கு நர்ஸ் வந்து வெப்பமானியைப் பார்த்தார். "என்ன, ஏழு காட்டுது? எப்பவும் நாலுதானே இருக்கும்."

"கேஸ் கொஞ்சம் குறைஞ்சிருக்கும் சிஸ்டர்," என்றார் மெக்கானிக். எந்த மெஷினைக் காட்டினாலும் அவர் சொல்கிற முதல் வாக்கியம் அதுதான். தொழில் வட்டாரத்தில் அவருக்குக் 'கேஸ்' என்றே பட்டப்பெயர்.

"எட்டைத் தாண்டாம இருந்தா சரி," என்று நர்ஸ் நோட்டில் ஏழு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்து ஸ்கூட்டரில் உட்கார்ந்தபோதுதான் அவருக்கு முழுதாக உறைத்தது. அந்த மருந்துதான் தன் மனைவியின் கையிலும் ஏறப்போகிறது. சூடு பட்ட மருந்துக்கு நிறம் மாறாது, வாடை வராது என்று நர்ஸே முன்பு சொல்லியிருக்கிறார். கெட்ட பால் என்றால் நாற்றமாவது இருக்கும். வீரியம் இருக்கிறதா போய்விட்டதா என்று தெரியாத மருந்தைப் போட்டுக்கொண்டு, செல்லாத அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் காய்ச்சல் ஊரில் தைரியமாக இறங்குவாள்.

அன்று சாயங்காலமே முயற்சியைத் தொடங்கினார். "பக்கத்து ஊர்ல வெள்ளிக்கிழமை போடறாங்களாம். அங்க கூட்டமே இருக்காதாம்."

மனைவி விரல் விட்டு எண்ணினாள். "வெள்ளிக்கிழமை போட்டா ஒம்பது நாள்தான் வருது."

"ஒரு நாள்தானே குறையுது."

"ஒரு பிள்ளைதானேன்னு வேன்ல விட்டுட்டு வர முடியுமா?"

செவ்வாய்க்கிழமை காலை, அந்த ஊசி போட்டால் கை வீங்குமாம், காய்ச்சல் வருமாம், ஒருவருக்கு ஒரு மாசம் தலைவலியாம் என்று ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். அவள் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்களுக்கு ஊசின்னா பயமா?"

இதைவிட்டால் வழியில்லை என்று, "கொஞ்சம்," என்றார்.

அவர் நினைத்தது, அவள் இரக்கப்பட்டு விட்டுவிடுவாள் என்று. அவள் இரக்கப்பட்டாள்தான். இரக்கப்பட்டு எல்லோருக்கும் போன் செய்தாள். அவருடைய அண்ணன் பேசினார், அண்ணி பேசினார், வேன் டிரைவர் வீட்டுக்கே வந்து, தான் ஊசி போட்டுக்கொண்ட கையைக் காட்டினார். எறும்பு கடித்த மாதிரிதான் இருக்கும் என்று எல்லோரும் சொல்லிவைத்தாற்போல் சொன்னார்கள். சாயங்காலம் கப்பலிலிருந்து மச்சினி வீடியோவில் வந்தாள். அவளுக்குப் பின்னால் ஆள் உயர மெஷின்கள் சுற்றிக்கொண்டிருந்தன.

"மாமா, எறும்பு கடிச்ச மாதிரிதான். கண்ணை மூடிட்டு எதையாச்சும் நெனச்சுக்கங்க."

"எதை நெனைக்கிறது?"

"என்னை நெனைங்க. நான் இங்க உங்க ரூமுக்குத் தலகாணி உறை, போர்வை எல்லாம் நானே தேச்சு எடுத்து வச்சிருக்கேன். அக்காவுக்கு ரெண்டு தலகாணி. அவ ஒண்ணைக் கட்டிப் பிடிச்சிட்டுத்தான் தூங்குவா."

மனைவி மூக்கை உறிஞ்சினாள். மெக்கானிக் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். தாகம் ஒன்றும் இல்லை, சொல்லிவிடுவோமோ என்று பயம்.

புதன்கிழமை பத்து மணிக்குப் பத்து நாற்காலியும் நிரம்பின. மெக்கானிக்குக்கு ஒரு பக்கம் மனைவி. இன்னொரு பக்கம் காய்ப்பு ஏறிய பெரிய கைகளோடு ஒருவர், ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டி ஓட்டுகிறவராம். கப்பலில் போகிறீர்களா என்று அவர் மரியாதையாக விசாரித்தார். பிறகு தன் கதையைச் சொன்னார்.

"எனக்கு ரெண்டு வருஷக் கான்ட்ராக்ட். காட்டுக்குள்ள தண்ணி எடுக்கணும். வர்ற சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை ஃப்ளைட்டு. எனக்கு முன்னாடி இருந்தவர் போயிட்டார், அந்த எடத்துக்குத்தான் என்னை எடுத்திருக்காங்க."

"வேலைய விட்டுட்டுப் போயிட்டாரா?"

"இல்ல, ஆளே போயிட்டார். இந்தக் காய்ச்சல்லதான். ஊசி போட்டுக்காமயே போயிருக்கார் மனுஷன். நாம போட்டுட்டுப் போறோம், நமக்கென்ன."

மெக்கானிக் ஏ.சி.யைப் பார்த்தார். ஒழுகவில்லை.

நர்ஸ் ஆளுக்கொரு படிவம் கொடுத்துவிட்டு நடுவில் நின்று பேசினார். "அட்டை ஆயுசுக்கும் செல்லும், ஒரு தடவை போட்டா போதும், பத்திரமா வச்சுக்கங்க. முட்டை ஒத்துக்காதவங்க யாராச்சும் இருந்தா இப்பவே சொல்லிடுங்க. இந்த மருந்தை முட்டைக்குள்ள வளர்த்துத்தான் எடுக்கறாங்க, உங்களுக்குப் போட மாட்டோம். டாக்டர் விலக்குக் கடிதம் கொடுப்பார். அட்டைக்குப் பதிலா அதைக் காட்டினா ஏத்திக்குவாங்க."

மூழ்குகிறவனுக்குக் கயிறு கிடைத்த மாதிரி இருந்தது மெக்கானிக்குக்கு. ஊசியும் வேண்டாம், வாயும் திறக்க வேண்டாம், கப்பலும் உண்டு. "கொடு, ரெண்டையும் நானே எழுதிடறேன்," என்று மனைவியின் படிவத்தையும் வாங்கிக்கொண்டார். பயம் தெளிந்துவிட்டது போலிருக்கிறது என்று அவள் சந்தோஷமாகக் கொடுத்தாள். இரண்டு படிவத்திலும் முட்டைக்கு நேரே 'ஆம்' என்பதில் அழுத்தமாகக் குறி போட்டார்.

நர்ஸ் வாங்கிப் பார்த்தார். "ரெண்டு பேருக்குமா ஒத்துக்காது?"

"எது?" என்றாள் மனைவி.

மெக்கானிக் அவள் காலை மெல்ல மிதித்தார். "முட்டை சிஸ்டர். எனக்கு மூச்சு வாங்கும். இவளுக்கு உடம்பெல்லாம் தடிச்சுப்போகும்."

காலையில் அவள் அவித்த முட்டை இரண்டு சாப்பிட்டுவிட்டு வந்தவள். தினமும் சாப்பிடுகிறவள். ஆனால் மூன்றாம் மனுஷர் முன்னால் புருஷனை விட்டுக்கொடுப்பது என்பது இருபத்திரண்டு வருஷத்தில் அவளிடம் நடந்ததே இல்லை. வீட்டுக்குப் போனால் தோலை உரிப்பாள், வெளியே வாயைத் திறக்க மாட்டாள். இப்போதும் திறக்கவில்லை.

உள்ளறையில் டாக்டர் தலையைத் தூக்காமல் கேட்டார். "கடைசியா எப்ப முட்டை சாப்பிட்டீங்கம்மா?"

"கல்யாணத்துக்கு முன்னாடி டாக்டர்," என்றார் மெக்கானிக். மனைவி மேலே சுவர் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டருக்கு அவசரம். இரண்டு கடிதம் எழுதி முத்திரை குத்தினார். "அங்க கொசு கடிக்காம பார்த்துக்கங்க. கரையில இறங்காம இருந்தா இன்னும் நல்லது."

வெளியே வந்ததும் மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு, அவருக்கு மட்டும் கேட்கும்படி பேசினாள். "ஒரு ஊசிக்குப் பயந்து என்னையும் சேர்த்து முட்டை சாப்பிடாதவளா ஆக்கிட்டீங்க. கப்பல்ல காலையில வகை வகையா முட்டை போடுவாங்களாம். ஒம்பது நாளும் நான் என்ன செய்யறது?"

"மன்னிச்சுக்கோ."

"வீட்டுக்கு வாங்க, பேசிக்கறேன்." ஆனால் கோபத்துக்கு அடியில் ஒரு நிம்மதி இருந்தது. கடிதங்களை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்து, ஜிப்பை இழுத்து, இழுத்த ஜிப்பை மறுபடி தொட்டுப் பார்த்தாள். கப்பல் கைக்கு வந்துவிட்டது.

செருப்பு மாட்டும்போது மெக்கானிக் திரும்பிப் பார்த்தார். பார்க்காமல் போயிருக்கலாம். நர்ஸ் பாட்டிலில் தண்ணீர் கலந்து, ஊசியில் ஏற்றிக்கொண்டிருந்தார். முதல் ஆளாகக் கிணற்றுக்காரர், சட்டைக் கையைத் தோள்வரை மடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். மெக்கானிக்கைப் பார்த்ததும், "போயிட்டு வாங்க, கப்பல் பத்திரம்," என்று சிரித்தார்.

நர்ஸ் பஞ்சால் அவர் கையைத் துடைத்துக்கொண்டே, "இவர்தான் எங்க ஃபிரிட்ஜெல்லாம் பார்த்துக்கறவர். மருந்தை நம்பிப் போட்டுக்கலாம்," என்றார்.

"சிஸ்டர், அதைப் போடாதீங்க," என்றார் மெக்கானிக்.

"உங்களுக்குத்தான் போடலையே."

"யாருக்கும் போடாதீங்க."

யாரோ சிரித்தார்கள். மற்றவருக்குப் போட்டால்கூட இவருக்குப் பயம் போலிருக்கிறது என்றது ஒரு குரல். மனைவி அவர் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தாள். அவர் ஒரு காலில் செருப்போடு உள்ளே வந்தார்.

"சனிக்கிழமை ரெண்டு மணிக்கு நான் அந்த பிளக்கைப் புடுங்கிட்டுப் போயிட்டேன் சிஸ்டர். திங்கக்கிழமை காலையில வந்துதான் சொருகினேன். இருபத்தேழு இருந்துச்சு. பொத்தானை அழுத்தி அழிச்சதும் நான்தான்."

நர்ஸ் ஊசியைத் தட்டில் வைத்தார். கையுறையைக் கழற்றினார். நோட்டைப் பிரித்து, திங்கட்கிழமை ஏழு என்று எழுதியிருந்த இடத்தைத் தேடி எடுத்தார்.

"திங்கக்கிழமை எத்தனை மணிக்குச் சொருகினீங்க?"

"ஏழரை."

"நாப்பத்தொண்ணரை மணி நேரம்," என்று சொல்லிக்கொண்டே எழுதினார். "மருந்து செத்துச்சா பிழைச்சுதான்னு பார்க்க இங்க வழி இல்ல. சந்தேகம்னா குப்பைதான். ஏன் சார் புடுங்கினீங்க?"

மெக்கானிக் மனைவியைப் பார்த்தார். முப்பத்தெட்டாவது விஷயம் என்று சொல்லியிருக்கலாம், அது பொய்யும் இல்லை. "பழக்க தோஷம்," என்றார்.

கிணற்றுக்காரர் மடித்த கையை ஒவ்வொரு சுற்றாக இறக்கிவிட்டார். "அப்ப எனக்கு இன்னிக்கு இல்லையா?"

"அடுத்த புதன்கிழமை புது மருந்து வந்துடும்."

"ஒரு வாரம் தள்ளிப் போடச் சொல்லிக் கேட்டுப் பார்க்கறேன்." எழுந்தவர் மெக்கானிக்கைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அடிப்பாரோ என்று மெக்கானிக் நினைத்தார், அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றும் நினைத்தார். அவர் தன் பையை எடுத்துக்கொண்டு போனார்.

நர்ஸ் நோட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "அப்ப அந்த முட்டை?"

மெக்கானிக் வாயைத் திறப்பதற்குள் மனைவி கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள். நான்காக மடித்த இரண்டு கடிதங்களையும் எடுத்து மேசை மேல் வைத்தாள். "காலையில ரெண்டு முட்டை சாப்பிட்டுட்டுத்தான் வந்தேன் சிஸ்டர்," என்றாள். பிறகு யாரையும் பார்க்காமல் வெளியே போய்விட்டாள்.

ஸ்கூட்டரில் வீடு வரும்வரை அவள் அவர் தோளைப் பிடித்துக்கொள்ளவில்லை, பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்ததும்தான் கேட்டாள்.

"லெட்டர் கையில இருந்துச்சு. நேரா கப்பலுக்குப் போயிருக்கலாம்."

"போயிருக்கலாம்."

"அப்பறம் ஏன் திரும்பிப் போனீங்க?"

"அவர் கையை மடிச்சு விட்டுட்டு உட்கார்ந்திருந்தார்."

அவள் அழுதாள். சத்தமாக, சின்னப் பிள்ளை மாதிரி அழுதாள். திட்டியிருந்தால் அவருக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவர், அழுவதற்குத் தனக்கு உரிமை இல்லை என்று நினைத்து நின்றுகொண்டே இருந்தார். பிறகு அவள் தங்கைக்குப் போன் செய்தாள். தங்கை விஷயத்தைக் கேட்டதும் பின்னால் மெஷின் சுற்றும் சத்தம் மட்டும் வந்தது. கடைசியில், "பரவாயில்லக்கா. அஞ்சு வருஷம்தானே," என்றாள். உடனே போனை வைத்துவிட்டாள். ஏன் உடனே வைத்தாள் என்பது அக்காவுக்குத் தெரியும்.

அடுத்த ஆறு நாள் அந்த வீட்டில் பேச்சே இல்லை. சாப்பாடு நேரத்துக்கு வந்தது, காப்பி நேரத்துக்கு வந்தது. ஃபிரிட்ஜ் கதவிலிருந்த நீளத் தாளை அவள் கிழிக்கவில்லை, திருப்பி ஒட்டியிருந்தாள். மையத்திலிருந்து இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். மெக்கானிக் எந்த பிளக்கையும் தொடாமல் வேலைக்குப் போய் வந்தார். வாசலில் யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஏழாம் நாள் புதன்கிழமை. மனைவி வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, சலவைப் புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றாள். "கிளம்புங்க."

"எங்க?"

"ஊசி போட்டுக்க."

மையத்தில் எட்டுப் பேர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்கள். பயண தேதியைத் தள்ளி வைத்துக்கொண்டு கிணற்றுக்காரரும் வந்திருந்தார். அவர் மெக்கானிக்கைப் பார்த்தார், கொஞ்சம் யோசித்தார், பக்கத்து நாற்காலியிலிருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மெக்கானிக் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். மனைவிக்கு நர்ஸ் மீதியிருந்த பத்தாவது நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை. நேராக ஃபிரிட்ஜுக்குப் போனாள். பிளக் மேல் சிவப்பு டேப் சுற்றி, 'தொடாதே' என்று எழுதி ஒட்டியிருந்தது. வேனில் சீட்டுக்கு அடியில் பார்ப்பது போலவே குனிந்து, பிளக்கை ஒரு விரலால் அழுத்திப் பார்த்தாள். வெப்பமானியைப் பார்த்தாள். நாலு. பிறகுதான் வந்து படிவத்தை வாங்கினாள், இந்தத் தடவை தானே எழுதினாள்.

நர்ஸ் படித்துப் பார்த்தார். பயணத்தின் நோக்கம் என்ற இடத்தில் 'தங்கச்சியைப் பார்க்க' என்று இருந்தது. பயண நாள் என்ற இடத்தில் 'ஐந்து வருடம் கழித்து' என்று இருந்தது.

"கப்பல் இந்த ஞாயித்துக்கிழமையே போகுதேம்மா. அஞ்சு வருஷம் கழிச்சுப் போறதுக்கு இப்ப எதுக்கு ஊசி?"

"அட்டை ஆயுசுக்கும் செல்லும்னு நீங்கதானே சொன்னீங்க," என்றாள் மனைவி. "இன்னொரு தடவை கடைசி நாள் வரைக்கும் இவரை நம்பிட்டு இருக்க என்னால முடியாது. இப்பவே போட்டுடுங்க. ரெண்டு பேருக்கும்."

நர்ஸ் முதலில் கிணற்றுக்காரருக்குப் போட்டார், பிறகு மனைவிக்கு. அவள் முகம் சுளிக்கவில்லை. அடுத்தது மெக்கானிக். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் மனைவி தன் மஞ்சள் அட்டையை ஊதி ஊதி மை காய வைத்துக்கொண்டிருந்தாள். ஐந்து வருஷம் கழித்துக் காட்ட வேண்டிய அட்டை. அதைப் பார்த்ததும் அவர் கண் நிறைந்து, அடக்கப் பார்த்தும் அடங்காமல் வழிந்தது.

ஊசியோடு வந்த நர்ஸ் நின்றுவிட்டார். "என்ன சார், நான் இன்னும் தொடவே இல்லையே."

எட்டுப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். மனைவி அட்டையைக் கைப்பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள். எழுந்து வந்து, ஏழு நாளில் முதல் தடவையாக அவர் தோள் மேல் கை வைத்தாள்.

"அவருக்கு ஊசின்னா பயம் சிஸ்டர்," என்றாள்.